இடிந்த கோயில்களின் முன் நற்காட்சி

பகவான் புத்தர் பரிநிர்வாணம் எய்துவதற்கு முன் ஆனந்த தேரருக்கு நான்கு இடங்களைக் குறித்து அருளினார். தாம் பிறந்த இடம், போதி பெற்ற இடம், அறவாழி உருட்டிய இடம், இறுதியாகக் கண்மூடும் இடம் ஆகிய இந்நான்கும் பக்தியுடையோர் சென்று காணத்தக்கவை என்பது அவ்வுரை. அவற்றைக் காண்பதால் விளைய வேண்டிய பயனைப் பாலி மொழியில் சம்வேகம் என்பர். நிலையாமையைக் கண்டு உள்ளம் நடுங்கி, அந்நடுக்கத்தால் சோர்ந்து விடாமல் விழித்தெழுந்து நல்வழியில் முயல்வதே சம்வேகம். யாத்திரையின் பயன் புண்ணியக் கணக்கைப் பெருக்குவதும் அன்று. நம் பெருமையைப் பிறர்க்குப் பறைசாற்றுவதும் அன்று.

அந்நான்கு இடங்களும் ஒரு காலத்தில் மண்மேடுகளாகவே கிடந்தன. லும்பினியில் அசோகர் நாட்டிய தூண் 1896ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. சாரநாத்தில் இருந்த பெரிய தூபி ஒன்றை 1794இல் செங்கல்லுக்காக இடித்துக் காசி நகருக்குக் கொண்டு சென்றனர். அறவாழி உருண்ட இடத்துச் செங்கல் கடைத்தெருக் கட்டுமானத்திற்குப் போயிற்று என்றால், நிலையாமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கைப்பொருள் குறைந்த நம்மவர் பலருக்குப் புத்தகயை வரை செல்வது எளிதன்று. ஆதலின், கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளையே இப்பாடத்திற்கு எடுத்துக்கொண்டோம். இடிந்த கோயில்களை எவ்வாறு காண்பது, அவற்றின் முன் எதைச் சொல்வது, எதைச் சொல்லாதிருப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

நாடும் மக்களும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில் முதலில் பலராமபுரம், பின் நெய்யாற்றின்கரை, அதன்பின் பாறசாலை வரும். பாறசாலையைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லை தொடங்கும். பலராமபுரத்தில் கைத்தறியின் ஓசை; எல்லைக்கு இருபுறமும் மரச்சீனித் தோட்டமும் தென்னையும் ரப்பரும். விடியுமுன் எழுந்து ரப்பர்ப் பால் எடுக்கச் செல்வோரையும், தலைச்சுமையுடன் சந்தைக்கு நடக்கும் தாய்மாரையும் இங்கே காணலாம். தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில், ஒரே வாக்கியத்தில்கூடக் கலந்து புழங்கும்.

இவ்வெல்லை பழமையானது அன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டமும் அதனுள் அடங்கிய பாறசாலையும் கேரளத்தில் நின்றன. அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்னர், அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளில்தான் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார் என்பதையும் நாம் நினைவிற் கொள்வோம்.

எல்லைக்கோடு விழுவதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் இருபுறமும் ஒரே நாடாக இருந்தது. அதனை ஆண்டோர் பொதிகைமலைச் சாரலுக்குரிய ஆய் குலத்தார். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞம் அவர்களுடைய துறைமுகம். அங்கே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குடைவரைக் கோயில் ஒன்று இன்றும் இருக்கின்றது. அதன் வெளிப்புறத்துச் சிவன் உருவங்கள் முற்றுப்பெறாமல் நிற்கின்றன. உளியை எடுத்த சிற்பி ஏன் நிறுத்தினானோ, கல் சொல்லவில்லை.

சிதறால் மலையில் ஒரு கேள்வி

பாறசாலையிலிருந்து எல்லை கடந்து மார்த்தாண்டம் சென்று, அங்கிருந்து ஏழு கிலோமீட்டரளவில் சிதறால் என்னும் ஊரை அடையலாம். அவ்வூரின் மலைக்குத் திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். கல் பாவிய பாதையில் ஏறிச் சென்றால், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளின் அடியில் இயற்கையாய் அமைந்த குகையும், அதனோடு சேர்த்துக் கட்டிய கோயிலும், அருகே வற்றாத சுனையும் உள்ளன. பாறைமுகத்தில் வரிசையாக அமர்ந்தும் நின்றும் தவம்புரியும் பெரியோர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இவ்விடம் இருந்து வருகின்றது.

நாம் சிலர் சேர்ந்து அங்குச் சென்றபோது, உடன்வந்த இளைஞர் ஒருவர் அமர்ந்த உருவத்தைக் கண்டதும் கைகூப்பி, “இது நம் பகவான்தான். ஊருக்குப் போனதும் இதனை நம் பழைய பள்ளி என்றே எழுதிவிடுவோம்” என்றார். குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் அவரை அருகழைத்து, அவ்வுருவத்தின் தோளைப் பார்க்கச் சொன்னார். தோளில் ஆடையின் விளிம்பு இல்லை. தலைக்குமேல் மூன்று அடுக்காகக் குடை இருந்தது. சற்றுத் தள்ளி நின்ற மற்றோர் உருவத்தின் தலைமேல் நாகம் படம் விரித்திருந்தது. அவர் பார்சுவநாதர், ஆருகத சமயத்தின் இருபத்துமூன்றாம் தீர்த்தங்கரர். சிங்கத்தை ஊர்தியாகவும் சிறுவரை அருகிலும் உடைய அம்பிகை என்னும் இயக்கியின் உருவமும் அங்கே உண்டு.

இளைஞர் முகம் வாடிற்று. “அப்படியானால் நம் முன்னோர்க்கு ஒரு கல்லாவது வேண்டாமா, ஐயா?” என்று அவர் கேட்டார். அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. கோயில் வாயிலில் நிற்கவும் உரிமை மறுக்கப்பட்ட குடிகளில் பிறந்தோர், தமக்கும் ஒரு பழமை உண்டென்று காட்ட விழைவது இயற்கை. 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்ற அயோத்திதாசப் பண்டிதரும், இழிந்தோர் எனப்பட்டவர் பூர்வ பௌத்தர் என்பதை நிறுவவே தம் வாழ்நாளை ஈந்தார். ஆயினும் ஏக்கம் எவ்வளவு நியாயமானதாயினும், அதன் பொருட்டுப் பிறருடைய கல்லை நமதென்று சொல்வது நான்காம் சீலத்திற்கு இழுக்கு. பொய் சொல்லாமை என்பது அண்டை வீட்டாரிடம் மட்டும் காக்க வேண்டிய விரதமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவரிடமும் காக்க வேண்டியதாகும்.

உருவங்களை அறியும் முறை

புத்தர் உருவத்தையும் தீர்த்தங்கரர் உருவத்தையும் பிரித்தறியச் சில அடையாளங்களை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது ஆடை. புத்தர் துவராடை அணிந்தவர். நம் நாட்டு உருவங்களில் பெரும்பாலும் இடத்தோளை மூடி, வலத்தோள் திறந்திருக்க, ஆடையின் விளிம்பு மார்பின் குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். தென்னாட்டுத் தீர்த்தங்கரர் உருவங்களில் ஆடை இராது.

இரண்டாவது தலை. புத்தர் தலையுச்சியில் உஷ்ணீஷம் என்னும் எழுச்சி அமையும்; நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகளில் அதன்மேல் தீச்சுடரும் காணப்படும். தீர்த்தங்கரர்க்கு முக்குடை சிறந்த அடையாளம்.

மூன்றாவது நிலை. இரு கைகளும் உடலைத் தொடாமல் நேரே தொங்க, அசையாது நிற்கும் நிலை தீர்த்தங்கரர்க்கு உரியது. மடிமேல் கைவைத்து அமர்ந்த தியான நிலையோ இரு சமயத்திற்கும் பொது. ஆதலால் அதனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

நான்காவது நாகம். முசலிந்த நாகம் மழையிலிருந்து பகவானைக் காத்த வரலாற்றைக் காட்டும் உருவங்களில் அவர் ஆடையுடன் நாகத்தின் சுருள்மேல் அமர்ந்திருப்பார். நாகப்படம் இருப்பதனால் மட்டும் பார்சுவநாதர் என்றோ, புத்தர் என்றோ துணிதல் கூடாது.

சமணர் என்னும் சொல்லும் நம்மை மயக்கும். சிரமணர் என்பதன் திரிபாகிய அச்சொல் துறவியர் பலர்க்கும் பொதுவாய் வழங்கியது. இன்று ஆருகதரையே குறிக்கின்றது. பழைய ஏட்டிலோ ஊர்ப்பேச்சிலோ அச்சொல் வருமிடத்து யாரைக் குறித்தது என ஆராய்ந்தே கொள்ள வேண்டும். கேள்விப்பட்டதாலும், வழிவழி வந்ததாலும், நமக்கு உவப்பாய் இருப்பதாலும் ஒன்றை ஏற்றுவிடாதீர் என்று காலாமர்க்குப் பகவான் அருளியது சிதறால் மலையிலும் செல்லும்.

சீனத்துப் பெரியார் சொன்ன சான்று

ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் காஞ்சி வரை வந்தார். அதற்குத் தெற்கே உள்ள மலைகூட நாட்டைப் பற்றியும் தம் குறிப்பில் எழுதினார். அங்கே பழைய விகாரங்களின் அடித்தளங்கள் பல உள்ளன, கெடாமல் நிற்பவை சிலவே, பிற சமயத்தாருள் நிர்க்கிரந்தர் மிகுதி என்பது அவர் தரும் செய்தி. நிர்க்கிரந்தர் என்போர் ஆருகதரே. ஆகவே தென்கோடியில் இன்று நாம் காணும் உருவங்களுள் ஆருகத உருவங்கள் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. நாம் ‘பழைய இடிபாடு’ என்று காணப் புறப்படும் நாட்டை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பழைய இடிபாடுகளின் நாடு என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டார்!

அவரே பொதலகம் என்னும் மலையையும் குறிப்பிட்டு, அவலோகிதேசுவரர் உறையும் இடம் என்கின்றார். அம்மலை பொதிகையே என்பது அறிஞர் பலர் கருத்து. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்னும் மரபினைப் பதினோராம் நூற்றாண்டின் வீரசோழியம் கூறுகின்றது. அதனை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். நெய்யாறு அம்மலைத்தொடரில்தான் தோன்றி நெய்யாற்றின்கரையைத் தழுவிக் கடலுக்கு ஓடுகின்றது. கல்லில் நம் பெயர் இல்லாத ஊரில், ஆற்றின் தலைப்பகுதியில் நம் நினைவு இருக்கின்றது.

செப்பேட்டில் நின்ற அறம்

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். இந்நாட்டு மன்னர் பௌத்தத்திற்குச் செய்த அறத்திற்குச் சான்று உண்டு. அது கல்லில் இல்லை, செம்பில் இருக்கின்றது.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஆய்நாட்டை ஆண்டவன் விக்கிரமாதித்திய வரகுணன். சிதறால் மலையில் அவனது இருபத்தெட்டாம் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று உள்ளது. குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் ஆருகதப் பெண் துறவி அம்மலையின் தெய்வத்திற்குப் பொன்னணி அளித்த செய்தி அதில் காணப்படுகின்றது. அதே வரகுணன் திருமூலவாதம் எனப்படும் ஸ்ரீமூலவாசத்துப் பௌத்தப் பெரும்பள்ளிக்கு நிலம் அளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் பாலியம் செப்பேடுகள் எனப்படும். கொச்சி நாட்டுச் சேந்தமங்கலத்துப் பாலியம் மனையில் இருந்த அவற்றைத் து. அ. கோபிநாதராவ் ஆராய்ந்து திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் வெளியிட்டார். அவற்றின் வாசகம் தமிழிலும் வடமொழியிலும் அமைந்தது.

ஸ்ரீமூலவாசம் இன்று இல்லை. ஆலப்புழைக் கடற்கரையில் இருந்து கடல்கோளுக்கு இரையாயிற்று என்பர். ஆனால் அக்கரையை அடுத்த கருமாடியில் ‘கருமாடிக்குட்டன்’ என்று ஊரார் அன்போடு அழைக்கும் கருங்கல் புத்தர் இருக்கின்றார். மாவேலிக்கரையிலும் ஒரு புத்தர் இருக்கின்றார். கருமாடிப் பெருமானுக்கு உடலின் ஒரு பாதி இல்லை. இருக்கும் பாதியில் அமைதி குறையவில்லை.

வரகுணனுக்கு முன் ஆண்ட கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் முன்சிறையை அடுத்துப் பார்த்திவசேகரபுரம் என்னும் விண்ணகரம் எடுத்தான். ஒரே குலத்தார் மாலுக்குக் கோயிலும், ஆருகதர்க்கு ஆதரவும், பௌத்தர்க்கு நிலமும் தந்தனர். தன் சமயத்தை உயர்த்தப் பிறர் சமயத்தை இகழ்வோன் தன் சமயத்திற்கே கேடு செய்கின்றான் என்று அசோகர் தம் பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில் அறிவித்த நெறி அது.

பின்னர்க் காலம் மாறிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் சிதறால் பகவதி கோயிலாயிற்று. நாகர்கோவில் நாகராசர் கோயில் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஆருகதப் பண்டிதர் பெயர்களைக் கல்வெட்டில் தாங்கி நின்றது. இன்று அதன் தூண்களில் தீர்த்தங்கரர் இருக்க, மக்கள் நாகருக்குப் பால் வார்க்கின்றனர். இவற்றைக் கண்டு சினம் கொள்ளுதல் எளிது. அங்கே விளக்கேற்றும் ஏழைத் தாய் யாரையும் இடித்தவள் அல்லள் என்பதை நாம் மறத்தல் கூடாது.

எரிந்த பலகை

பார்த்திவசேகரபுரத்தில் மன்னன் ஒரு சாலையும் நிறுவினான். சாலை என்றது கல்விச்சாலையை. தொண்ணூற்றைந்து மாணாக்கர் உண்டு உறைந்து கற்க அங்கே ஏற்பாடு இருந்தது. எவ்வளவு சிறந்த அறம்! ஆனால் அவ்விடங்கள் மூன்று வேதப் பிரிவுகளைச் சேர்ந்தோர்க்கே உரியன. உழுது நெல் விளைத்தவன் மகனுக்கு அங்கு இடமில்லை.

ஓராயிரம் ஆண்டு கழிந்தும் அந்நிலை மாறவில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, தம் குலத்தார்க்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் 1893இல் வில்லுவண்டி ஓட்டிச் சென்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துச் சென்றார். சேர்க்கலாம் என அரசின் ஆணை இருந்தும், அச்சிறுமி அமர்ந்த பள்ளியை எதிர்த்தோர் தீக்கிரையாக்கினர். அத்தீயில் பாதி எரிந்த பலகை ஒன்று அப்பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

நெய்யாற்றங்கரையிலேயே, அருவிப்புறத்தில், 1888இல் நாராயணகுரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவமாக நிறுவி, பிறப்பால் எவரையும் விலக்காத வழிபாட்டிடம் ஒன்றை அமைத்தார். திருவிதாங்கூர்க் கோயில்கள் 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆணைக்குப் பின்னரே எல்லார்க்கும் திறந்தன.

சிதறாலில் முகம் வாடிய இளைஞர் அப்பலகையின் முன் நெடுநேரம் நின்றார். “இது நம்முடையதா, ஐயா?” என்று மெல்லக் கேட்டார். பெரியவர், “அம்மா பஞ்சமி பௌத்தர் அல்லர், ஆதலால் இதனையும் நம் சமயச் சின்னம் என்று எழுதாதே. ஆனால் இதைக் கண்டு உன் உள்ளம் நடுங்கிற்றே, அந்தச் சம்வேகம் உன்னுடையது. அதைக் கொண்டு போ” என்றார்.

அன்பர்களே, இப்பாடத்தின் சாரம் அவ்வளவே. ஒரு கல் நமதென்று நிறுவுவதால் நம் மதிப்பு உயராது. நமதன்று என்று ஒப்புவதால் தாழ்ந்தும் விடாது. பிறந்த குலத்தால் எவரும் உயர்ந்தோரும் அல்லர், தாழ்ந்தோரும் அல்லர் என்ற பகவானின் போதனையை ஏற்றவர்க்கு, பழைய கல்லின் வழியாகப் பெருமை தேடும் தேவை ஏது?

யாத்திரை செல்வோர்க்கு

இவ்வூர்களுக்குச் செல்லும் அன்பர்கள் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். உருவங்கள்மீது எண்ணெய், குங்குமம், சுண்ணம் எதனையும் பூசற்க. பெயர் எழுதற்க. உடைந்த துண்டாயினும் எடுத்து வரற்க; கொடாததைக் கொள்ளாமை நமது இரண்டாம் சீலம். அங்கே வழிபடுவோர் இருப்பின் அவர் வழிபாடு முடியும்வரை ஒதுங்கி நிற்க. ஊராரிடம் பேசுக, அவர்கள் குடிசையைக் கண்டு இரங்கிப் பேசாமல், அவர்கள் அறிந்ததைக் கேட்டறிக. சுனையின் பெயரும் பாறையின் கதையும் அவர்கள் நாவில்தான் உள்ளன. கண்டதை அன்றே எழுதி வைக்க. ஐயம் உள்ளதை ஐயம் என்றே எழுதுக. திரும்புமுன் ஓரிடத்தில் அமர்ந்து, அக்கல்லைச் செதுக்கியவர்க்கும், அதனைச் சுமந்தவர்க்கும், அதனருகே வர விடப்படாதவர்க்கும் மைத்திரி செலுத்துக.

கூடிப் பயில்வோர் சிந்திக்க:

1. நம் ஊரருகே உள்ள பழைய உருவம் ஒன்றினை மேற்கூறிய நான்கு அடையாளங்களைக் கொண்டு ஆராய்ந்தால் எம்முடிவு கிடைக்கும்?

2. வரகுணன் தன் குலத்தார் வழிபடாத சமயத்திற்கும் நிலம் அளித்தான். நாம் அளிக்கக்கூடியது யாது?

3. எரிந்த பலகையைக் கண்டு சினம் எழுமாயின், அச்சினத்தை எந்த நற்செயலாக மாற்றலாம்?

யாவரும் நலமுறுக.